ஒரே அக்கவுண்டில் ஒரு குடும்பம்

அத்தியாயம் பதினான்கு

போன கிழமை மத்தியானச் சாப்பாட்டின் நடுவில் யூஜினா சொன்ன விஷயம் ஐறீனுக்கு இன்னும் செமிக்கவில்லை.

"வெள்ளவத்தையில வாடகைக்கு ஒரு அனெக்ஸ் பார்த்திருக்கிறன், அண்ணா. தயாபரன் மாஸ்ரர்ட கொம்பியூட்டர் வகுப்பில வேலை கிடைச்சா அடுத்த மாசம் போயிடுவன்."

றொஹானின் கை சோற்றில் அப்படியே நின்றது. ஐறீன் மட்டும் அசையவில்லை. "நல்ல விஷயந்தானே, யூஜி," என்று சொல்லி, புருஷனின் தங்கச்சியின் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

ஐறீன் காரணமில்லாமல் மீன் வைக்கிறவள் இல்லை. கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கைச் சனம் முழுவதற்கும் அது தெரியும்.

ஒழுங்கைக்குத் தெரிந்த இன்னொரு விஷயமும் உண்டு. முன் அறைக் கதவில் "றொஹான் கொன்ஸ்ரன்ரைன், வெப் டிவலப்பர்" என்று பித்தளைப் பலகை தொங்குகிறதே, அந்தப் பலகைக்குரியவர் கோட் எழுதி நாலு வருஷம் ஆகிறது. அவர் ஆங்கிலம் பேசுவார். அழகாகப் பேசுவார். மெல்பேர்னில் இருக்கும் கிறேக் என்ற கிளையண்டோடு சிரித்துச் சிரித்துப் பேசி வேலை பிடிப்பார். பிடித்த வேலையை மாடியறைக்கு அனுப்புவார். மாடியறையில் யூஜினா இருந்தாள். டோஹாவிலிருந்து இரண்டு சூட்கேஸோடும் புருஷன் இல்லாமலும் வந்து இறங்கியவள், தங்க இடம் கொடுத்த அண்ணனுக்கு இரவு பகலாக வெப்சைட் எழுதினாள். சம்பளம் என்ற பேச்சு அந்த வீட்டில் எழுந்ததே இல்லை. குடும்பத்துக்குள் அதெல்லாம் கேட்பது வடிவில்லை என்று ஐறீன் முதல் மாதமே சொல்லி வைத்திருந்தாள்.

ஆக, யூஜினா போனால் பித்தளைப் பலகை மட்டும்தான் மிஞ்சும். அதைத் தேய்த்துத் தேய்த்து எத்தனை நாள் சாப்பிடுவது?

சனிக்கிழமை காலை றொஹான் கிராண்ட்பாஸில் ஒரு ஹார்ட்வெயார்க் கடைக்காரரைப் பார்க்கப் போய்விட்டான். யூஜினா குளித்து, வெள்ளைச் சுடிதார் போட்டு, லப்ரொப்பைப் பையில் வைத்துவிட்டு முன் அறைக்கு வந்தாள். முகத்தில் பதற்றம். ஐறீன் அந்தப் பதற்றத்தை ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு வரவேற்றாள்.

"என்ன யூஜி, பயமா?"

"டெமோ வகுப்பு, அண்ணி. கோட் எழுதுற எடிட்டர்ல எதில என்ன வசதி எண்டு பிள்ளையளுக்கு விளங்கப்படுத்த வேணும். மாஸ்ரர் முன் வரிசையில இருப்பார். சூம்லயும் ஆக்கள் பார்ப்பினம்."

"எனக்குச் சொல்லிப் பாரன். எனக்கு விளங்கினா எருமைக்கும் விளங்கும்."

யூஜினா சிரித்தாள். ஏமாறப்போகிறவர்களுக்கு அந்த நேரத்தில் வரும் சிரிப்பு எப்போதும் நல்ல வெள்ளையாக இருக்கும்.

"லப்ரொப்ப பையில போட்டுட்டன். அண்ணாட மெஷின்லயே காட்டுறன். ரெண்டும் ஒண்டுதான்."

"எப்பிடி ஒண்டு?"

"நான் வந்த புதுசில அண்ணாட மெஷின்லயும் என்ட அக்கவுண்டத்தான் போட்டுக் குடுத்தனான். இதில ஒண்ட மாத்தினா அதிலயும் தானா மாறும். சிங்க் எண்டு சொல்றது."

அந்த வீட்டில் இது புதினமே இல்லை. படம் பார்க்க ஒரு அக்கவுண்ட், சாப்பாடு எடுப்பிக்க ஒரு அக்கவுண்ட், எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட், அதுவும் செத்துப்போன மாமியாரின் பிறந்த திகதி. தனக்கென்று ஒன்று வைத்துக்கொள்வது அந்தக் குடும்பத்தில் திருட்டுக்குச் சமம்.

யூஜினா கதிரையை இழுத்துப் போட்டுத் தொடங்கினாள். பத்து நிமிஷத்தில் பதற்றம் போய்விட்டது. அவளுக்குக் கதைக்கத் தெரியாது என்று நினைத்திருந்த ஐறீனுக்கு அது கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

"இது வெப்ஸ்ரோம். எல்லாச் சாமானும் உள்ளுக்கே இருக்கு. ஒரு பேர ஒரு இடத்தில மாத்தினா எல்லா ஃபைல்லயும் தானே தேடி மாத்தும். தெரியாம அழிச்சதையும் திருப்பி எடுக்கலாம். ஆனா பழைய மெஷினுக்குப் பாரம். திறக்கவே நேரம் எடுக்கும்."

"ம்ம்."

"இது சப்ளைம். கண்ண மூடித் திறக்க முந்தி வந்து நிக்கும். எவ்வளவு பெரிய ஃபைலும் ஓடும். ஒரே நேரம் பத்து இடத்தில கர்சர வச்சு அடிக்கலாம். இடைக்கிடை என்னை வாங்குங்கோ, வாங்குங்கோ எண்டு கேக்கும்."

"மூண்டாவது?"

"வி.எஸ்.கோட். நான் பாவிக்கிறது. காசில்ல. வெறும் வீடு மாதிரி வரும், வேண்டியத நாங்கதான் எக்ஸ்டென்ஷனாப் போட வேணும். போட்டா எல்லா வேலையும் செய்யும். எழுதி சேவ் பண்ண உடனே பிரவுசர்ல தெரியும்."

ஐறீனுக்கு எடிட்டர் விளங்கவில்லை, பெண்கள் விளங்கினார்கள். முதலாவது சீதனத்தோடு வந்து நடு வீட்டில் பாரமாக உட்காருகிறவள். இரண்டாவது பம்பரமாகச் சுழன்றுவிட்டு நாளெல்லாம் நகை கேட்கிறவள். மூன்றாவது வெறுங்கையோடு வந்து எல்லாம் செய்கிறவள். அப்படி ஒருத்தியை யாராவது வெள்ளவத்தைக்கு அனுப்புவார்களா?

"கடைசியா ஒண்டு வச்சிருக்கிறன், அண்ணி. இதுதான் பிள்ளையள் கை தட்டுறது." யூஜினா வெறும் பக்கத்தில் kad என்று மூன்று எழுத்தை அடித்து, ஒரு விசையைத் தட்டினாள். முழுக் கடைப் பக்கம் ஒன்று, பெயர்ப் பலகை, மெனு, தொலைபேசி இலக்கம் எல்லாவற்றோடும் ஒரேயடியாகக் கொட்டியது. பிரவுசரில் பெரிய எழுத்தில் "யூஜினா ஸ்டோர்ஸ்" என்று வந்து நின்றது.

"இதென்ன மந்திரமா?"

"சினிப்பெட். நான் முதலே எழுதி வச்சது. பாருங்கோ, இந்த ஃபைல்ல இருக்கு. இந்த ரெண்டு கொமாவுக்கு இடையில நீங்க என்ன எழுதினாலும் அது அப்பிடியே வரும்."

"கடைப் பேர மாத்தினா?"

"மாத்தின பேர் வரும்."

ஐறீன் கன்னத்தில் கை வைத்தாள். ஆச்சரியப்பட வேண்டிய இடத்தில் அவள் ஒருநாளும் பிழை விட்டதில்லை. பிறகு தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டே மெல்லக் கேட்டாள். "அந்த மாஸ்ரர் ஏன் இப்ப அவசரமா ஆள் தேடுறார்?"

"பாவம், அண்ணி. ரெண்டு பேர் நடு வகுப்பில விட்டுட்டுக் கனடாவுக்குப் போயிட்டினம். பிள்ளையள் காசு கட்டிட்டு நிக்குது. இங்கயே நிக்கிற ஆள்தான் வேணும் எண்டு சொன்னவர். நான் எங்க போறன், நான் நிப்பன் எண்டு சொல்லியிருக்கிறன்."

"சொன்னது நல்லம்," என்றாள் ஐறீன்.

வாசலில் திரீவீல் வந்தது. யூஜினா படி இறங்கும்போது ஐறீன் அவள் நெற்றியில் சிலுவை போட்டு விட்டாள். எதிர்வீட்டு பிறிஜெற் அன்ரி அதைப் பார்த்துக் கண் கலங்கியதாகப் பிறகு சொன்னா.

திரீவீல் முடக்கால் திரும்பியதும் ஐறீன் முன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

யூஜினா திறந்து காட்டிய ஃபைல் அப்படியே இருந்தது. தேட வேண்டிய கஷ்டம்கூட இல்லை. முதலில் ஐறீன் வசை எழுதத்தான் நினைத்தாள். புருஷன் விட்டுட்டுப் போனவள் என்று நாலு வார்த்தை. ஆனால் வசையைப் பார்த்தால் சபை யூஜினாவுக்குப் பரிதாபப்படும். பரிதாபம் வேலை கொடுத்தாலும் கொடுத்துவிடும். ஐறீன் புத்தியில்லாதவள் அல்ல.

போனை எடுத்து வாட்ஸ்அப்பில் தமிழில் நிதானமாக அடித்தாள். கொம்பியூட்டருக்கு அனுப்பி, வெட்டி, "யூஜினா ஸ்டோர்ஸ்" இருந்த இடத்தில் ஒட்டினாள்.

"றொசலின் அக்கா, இந்த வகுப்பு வேலை சும்மா ஆறு மாசத்துக்குத்தான். விசாப் பேப்பர் வந்த கையோட நான் கனடாவுக்கு வந்திடுவன். தயாபரன் மாஸ்ரர் நல்ல மனுசன். என்ன சொன்னாலும் நம்புவார்."

டொறொண்டோவில் றொசலின் என்று யூஜினாவுக்கு ஒரு பெரியம்மா மகள் உண்மையிலேயே இருக்கிறாள். பொய்யில் ஒரு உண்மையான ஆளை உட்கார வைத்தால் அது நிமிர்ந்து நடக்கும்.

ஒட்டும்போது ஒரு கொமா அழிந்துபோயிற்று. உடனே எடிட்டர் அந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டுக் காட்டியது. ஐறீன் கொமாவைத் திரும்பப் போட்டாள். கோடு மறைந்தது. எழுத்தில் எது பிழை என்று அவ்வளவு பணிவாகச் சொல்லித் தரும் சாமான், வேறு எதையும் கேட்கவில்லை.

பகல் வகுப்புத் தொடங்கும் நேரத்துக்கு பிறிஜெற் அன்ரி கட்லட் தட்டோடு வந்தா. யூஜினாவின் வகுப்பைப் போனில் பார்க்கலாம் என்று ஐறீன்தான் கூப்பிட்டிருந்தாள். நல்ல காரியத்துக்குச் சாட்சி வேண்டாம். மற்றதற்கு ஒரு அயலாள் அவசியம்.

"நம்மட யூஜியா இது? என்ன வடிவாக் கதைக்குது," என்றா பிறிஜெற்.

உண்மையில் வடிவாகத்தான் கதைத்தாள். காலி வீதியில் சாறிக் கடைக்கு மேல் இருந்த அந்த அறையில் இருபது முப்பது பேர் நிறைந்திருந்தார்கள். ஒரு பையன் எழும்பி, "மிஸ், எது பெஸ்ட்?" என்று கேட்டான்.

"பெஸ்ட் எண்டு ஒண்டு இல்ல, தம்பி. உன்ட மெஷின் பழசெண்டா சப்ளைம் பார். பெரிய புறொஜெக்ட், நிறைய ஃபைல், அடிக்கடி பேர் மாத்த வேணுமெண்டா வெப்ஸ்ரோம் உன்னைக் காப்பாத்தும். கையில காசில்ல, ஆனா உனக்கேத்த மாதிரி ஒண்டக் கட்டியெழுப்பப் பொறுமை இருக்கெண்டா வி.எஸ்.கோட். எடிட்டரப் பார்த்து வேலைய எடுக்காத. வேலையப் பார்த்து எடிட்டர எடு."

சிரித்தார்கள். முன் வரிசையில் தயாபரன் மாஸ்ரர், தலை நரைத்த மெலிந்த மனிதர், தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். வேலை கொடுத்துவிட்ட தலையாட்டல் அது. ஐறீன் கடித்த கட்லட்டைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"கடைசியா ஒண்டு," என்றாள் யூஜினா. "மூண்டு எழுத்து. எல்லாரும் திரையப் பாருங்கோ."

அடித்தாள். தட்டினாள். பிரவுசருக்கு மாற்றினாள். சுவர் அளவு திரையில், கடைப் பெயர் வர வேண்டிய இடத்தில், றொசலின் அக்காவுக்கான கடிதம் வந்தது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண்.

முதலில் பின் வரிசையில் ஒரு சிரிப்பு. பிறகு அறை முழுக்க. யாரோ "கனடா, கனடா" என்று சத்தமாக வாசித்தார்கள். யூஜினா பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய முதுகுக்குப் பின்னால்தான் திரை. அவர்கள் கை தட்டப் போகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும், பாவம். தயாபரன் மாஸ்ரரின் முகத்தைப் பார்த்த பிறகுதான் திரும்பினாள்.

"ஐயோ, என்ன இது, கனடாவுக்குப் போகப் போறாளா?" என்றா பிறிஜெற். "சொல்லவே இல்லையே, கள்ளி."

"எனக்கும் இப்பதான் தெரியும், அன்ரி," என்றாள் ஐறீன். குரலில் தேவையான அளவு நோவு இருந்தது.

போன் திரையில் யூஜினா அசையாமல் நின்றாள். அழுதுகொண்டு ஓடுவாள் என்று ஐறீன் எதிர்பார்த்தாள். அவள் ஓடவில்லை. மேசைக்குப் போனாள், ஏதோ திறந்தாள். திரையில் சின்ன எழுத்தில் இரண்டு வரி வந்தது.

"இது நான் எழுதினது இல்ல, சேர்." குரல் நடுங்கவில்லை. அதுதான் ஐறீனுக்குப் பிடிக்கவில்லை. "இந்த எடிட்டர் எந்த மெஷின்ல இருந்து மாத்தம் வந்ததெண்டு காட்டும். இது என்ட லப்ரொப். இது றொஹான் பிசி, என்ட அண்ணாட மெஷின். இண்டைக்குக் காலமை அதில இருந்துதான் வந்திருக்கு. பிள்ளையள், இதையும் எழுதிக்கொள்ளுங்கோ. ஒரு அக்கவுண்ட வீட்டு ஆக்களோட சேர்த்துப் பாவிக்காதீங்கோ. பிழை எடிட்டர்ல இல்ல. என்னில."

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. மெஷினுக்குப் பெயர் இருக்கும், அதையும் காட்டும் என்று ஐறீனுக்குக் காலையில் ஒருவரும் சொல்லித் தரவில்லையே.

தயாபரன் மாஸ்ரர் எழும்பினார். மைக் திறந்திருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"நம்புறன், தங்கச்சி. உங்கள நம்புறன். ஆனா பாருங்கோ, வீட்டு ஆக்களே இப்பிடிச் செய்யினமெண்டா, நாளைக்கு அது இங்கயும் வரும். எனக்கு ஏற்கெனவே போதும் போதுமெண்டு இருக்கு. பிறகு கதைப்பம், என்ன?"

கொழும்பில் "பிறகு கதைப்பம்" என்றால் என்ன என்று கட்லட் தின்னும் பிறிஜெற்றுக்கும் தெரியும். பொய்யென்று நிரூபித்துவிட்டாள், வேலையும் போய்விட்டது. இரண்டும் ஒரே நிமிஷத்தில். ஐறீன் போனைக் கவிழ்த்து வைத்தாள். அவள் நினைத்ததைவிட நன்றாகவே முடிந்திருந்தது, ஒரேயொரு விஷயத்தைத் தவிர.

அந்த ஒரு விஷயம் நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கியது.

"யூஜி ஏழு தரம் கோல் எடுத்திருக்கிறா. நான் எடுக்கேல்ல. என்ன நடந்தது?" என்றான் றொஹான்.

ஐறீன் அவனை அடுப்படிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். ஒளிக்காமல் சொன்னாள். தன் கெட்டித்தனத்தைப் பகிர்ந்துகொள்ள அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? "உங்கட மெஷின் எண்டுதான் தெரியும். உங்களோட எவ்வளவு நாளைக்குக் கோவிப்பா? ஒரு கிழமை. அனெக்ஸ் போச்சு, வேலை போச்சு. எங்க போவா?"

றொஹான் தண்ணீர் குடித்தான். சுவரில் இருந்த மாதாவின் படத்தைப் பார்க்காமல் குடித்தான். பிறகு கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அப்ப, கிறேக்கின்ட வேலை திங்கக்கிழமைக்கு முடியும், என்ன?"

ஐறீன் அவனுக்கு மீன் பொரித்தாள்.

யூஜினா வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பிறிஜெற் அன்ரி வெறும் தட்டை எடுத்துப்போக வந்து, தட்டு கையில் இருக்க, போகாமல் நின்றா. யூஜினா பையை மேசையில் வைத்தாள். வெள்ளைச் சுடிதார் அப்போதும் கசங்கவில்லை.

"அண்ணா, நீயா செய்தாய்?"

ஐறீன் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கும் கை மட்டும் நின்றது.

"ஓம்," என்றான் றொஹான். "நான்தான். நீ போறது எனக்கு விருப்பமில்ல. உன்ட நன்மைக்குத்தான்."

யூஜினா தலையை ஆட்டினாள். நிறைய நேரம் ஆட்டினாள்.

"எங்க மாத்தினாய்? எந்த ஃபைல்ல?"

"அந்த... செட்டிங்ஸ்லதான்."

"சினிப்பெட் எண்டா என்னவெண்டு உனக்குத் தெரியாது, அண்ணா. நாலு வருஷமா உனக்கு ஒரு வரி எழுதத் தெரியாது. அத இந்த வீட்டில ஒராளுக்குத்தான் நான் இண்டைக்குக் காலமை சொல்லிக் குடுத்தனான்." அவள் ஐறீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆர் செய்தது எண்டு எனக்குத் திரையப் பார்த்த உடனே தெரியும். நான் கேட்டது, நீ என்ன சொல்லுவாய் எண்டு பார்க்க."

றொஹானின் வாயில் "அது... அது..." என்றுதான் வந்தது. அழகாக ஆங்கிலம் பேசும் வாய்.

"யூஜி, இரம்மா, சாப்பிடு," என்றாள் ஐறீன். "மீன் பொரிச்சிருக்கிறன்."

"சாப்பிடத்தானே போறன், அண்ணி. ஏன் இந்த அவசரம்?" கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். தானே போட்டுச் சாப்பிட்டாள். மிஞ்சியிருந்த இரண்டு துண்டு மீனும் அவளே எடுத்தாள். "நான் இனி எங்கயும் போகேல்ல. அதுதானே உங்களுக்கு வேணும். மாடியறையிலயே இருப்பன். மூண்டு நேரமும் சாப்பிடுவன். உங்களுக்கு ஒரு வரியும் எழுத மாட்டன்."

பிறிஜெற் அன்ரி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டா.

கை கழுவிவிட்டு யூஜினா மாடிக்குப் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவளுடைய குரல் கேட்டது, ஆங்கிலத்தில், மெதுவாக, தட்டுத் தடுமாறாமல். மெல்பேர்னில் நடுச்சாமம் நெருங்கியிருக்கும். அந்த நேரத்திலும் அந்தப் பக்கத்து ஆள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "கிறேக்" என்ற பெயர் படி வழியாக இறங்கி வந்தது. பிறகு ஒரு சிரிப்பு.

றொஹான் மாடிக்கு ஏறவில்லை. முன் அறைக்குப் போய் மெஷினைப் போட்டான். யூஜினாவின் அக்கவுண்ட் அதிலிருந்து போய்விட்டிருந்தது. கிறேக்கின் வேலை இருந்த இடம் பாஸ்வேர்ட் கேட்டது. செத்துப்போன தாயின் பிறந்த திகதியை மூன்று தரம் அடித்துப் பார்த்தான். உள்ளே விடவில்லை. எடிட்டர் மட்டும் திறந்தது. வெறும் பக்கம்.

அவன் எழும்பி, கதிரையை மேசைப் பக்கம் திருப்பி வைத்தான்.

"ஐறீன், இஞ்ச வா."

"என்னத்துக்கு?"

"வந்து இரு. திங்கக்கிழமைக்குப் பதினொரு பக்கம் குடுக்க வேணும்."

"எனக்கு என்ன தெரியும், றொஹான்? விசரா?" அவள் பிறிஜெற்றைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். பிறிஜெற் சிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றா.

"ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில படிச்சனீ தானே."

கல்யாணம் கட்டிய பதினொரு வருஷத்தில் அவன் அவளோடு அந்தக் குரலில் கதைத்ததில்லை. கிளையண்டுகளோடு கதைக்கும் குரல் அது, இனிமையானது, இடைவெளி விடாதது. ஐறீன் வந்து உட்கார்ந்தாள். றொஹான் கதிரைக்குப் பின்னால் வந்து நின்று, அதன் முதுகில் இரண்டு கையையும் ஊன்றினான். மாடியில் யூஜினா இன்னும் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுது," என்றான்.